மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து ஆராய்ச்சியில் என்ன தேடுகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இ.இ.ஜி. என்பது தலையின் மேல் மின்முனைகளை, அதாவது மின்சாரத்தை உணரும் சிறு முனைகளை, வைத்து மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் முறை. இந்த ஆராய்ச்சியில் பங்கெடுக்க வருகிறவர்களும், அவர்களுடைய வீட்டாரும், இந்தத் துறைக்குள் புதிதாக நுழையும் மாணவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. மருத்துவமனையில் எடுக்கும் இ.இ.ஜி. பற்றி ஓரளவு எல்லாருக்கும் தெரியும். அதே கருவியை வைத்துக்கொண்டு ஆராய்ச்சிக்கூடத்தில் என்ன செய்கிறார்கள் என்பதுதான் பலருக்கும் புரிவதில்லை. அதனால் பதில்களை ஆராய்ச்சிப் பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

இ.இ.ஜி. சரியாக எதைப் பதிவு செய்கிறது?

தலையின் மேல் இரண்டு இடங்களுக்கு நடுவே இருக்கும் மின்னழுத்த வித்தியாசத்தை, நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அளந்து வைக்கிறது. அவ்வளவுதான். அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு நரம்பணுவுக்கு இன்னொரு நரம்பணுவிடமிருந்து சேதி வந்து சேரும்போது அதன் சவ்வில் சிறிய மின்மாற்றம் உண்டாகிறது. தனி ஒரு நரம்பணுவின் மாற்றம் தலைக்கு வெளியே தெரியவே தெரியாது. ஆனால் மூளையின் மேலுறையான புறணியில் பிரமிடு வடிவ நரம்பணுக்கள் பக்கம் பக்கமாக, ஒரே திசையைப் பார்த்து நிற்கின்றன. அவற்றில் ஆயிரக்கணக்கானவற்றுக்கு ஒரே நேரத்தில் சேதி வந்தால், சின்னச் சின்ன மாற்றங்கள் ஒன்றுகூடி, மூளையைச் சுற்றியுள்ள நீரையும் மண்டையோட்டையும் தோலையும் தாண்டி வெளியே எட்டுகின்றன. அப்படி எட்டும்போது அதன் அளவு சுமார் 10 முதல் 100 மைக்ரோவோல்ட். இதயத்துக்கு எடுக்கும் ஈ.சி.ஜி.யில் வருவது ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட். அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாத சிக்னலை வைத்துக்கொண்டுதான் நாங்கள் வேலை செய்கிறோம்.

பாடப்புத்தகத்தில் படித்த நரம்புத் துடிப்புகளைத்தான், அதாவது ஒரு மில்லிவினாடியில் வந்து போகும் அந்தக் கூர்மையான துடிப்புகளைத்தான், இ.இ.ஜி. காட்டுகிறது என்று மாணவர்கள் பலர் நினைக்கிறார்கள். அவை மிகவும் குறுகியவை. ஒன்றோடொன்று ஒத்துச் சேர்வது அரிது. வெளியே வருவது பெரும்பாலும், பல பத்து மில்லிவினாடிகள் நீடிக்கும் அந்த மெதுவான மாற்றங்கள்.

வலிக்குமா? தலைக்குள் மின்சாரம் போகுமா?

வலிக்காது. பதிவுக்காக மூளைக்குள் எந்த மின்சாரமும் செலுத்துவதில்லை. மூளையிலிருந்து வருவதை மட்டும் வாங்கிக்கொள்கிறது. ஊசி, மருந்து, கதிர்வீச்சு எதுவும் கிடையாது. பிறந்து ஓரிரு நாளான குழந்தைகளிடம்கூட இதைச் செய்ய முடிவதற்கு அதுதான் காரணம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சில சோதனைகளில் திரை வேகமாக மின்னும். ஒளி பட்டால் வலிப்பு வரும் தன்மை உங்களுக்கோ உங்கள் குடும்பத்தில் யாருக்கோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இதை முதலில் கண்டுபிடித்தது யார்?

1875-இல் லிவர்பூலைச் சேர்ந்த ரிச்சர்ட் கேட்டன் என்ற மருத்துவர், முயல், குரங்கு ஆகியவற்றின் திறந்த மூளையில் மின்னோட்டம் இருப்பதை அறிவித்தார். மனிதனிடம் முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் யெனா நகரில் மனநல மருத்துவராக இருந்த ஹான்ஸ் பெர்கர். பதிவு செய்தது 1924-இல், வெளியிட்டது 1929-இல். நடுவில் ஐந்து வருடம் அவர் தன்னையே சந்தேகித்துக்கொண்டு, இது ரத்தத் துடிப்பா, தசையா, கருவியின் கோளாறா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தார். தன் மகனின் தலையிலும் பதிவு செய்தார்.

பெர்கர் தேடியது வேறு ஒன்று. ஒருவர் மனதில் ஓடுவது தொலைவில் இருக்கும் இன்னொருவருக்குத் தெரியவருமா, அதற்குப் பின்னால் ஏதாவது ஆற்றல் இருக்கிறதா என்று தேடப்போனவர் அவர். அதற்கு விடை கிடைக்கவில்லை. கிடைத்தது கண்ணை மூடினால் எழும் ஓர் அலை. பலரும் நம்ப மறுத்தார்கள். 1934-இல் கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியனும் மேத்யூஸும் அதே அலையை மறுபடி காட்டிய பிறகுதான் உலகம் ஏற்றுக்கொண்டது. ஏட்ரியன் அதற்கு இரண்டு வருடம் முன்பே நோபல் பரிசு பெற்றவர். அதைக் காட்டத் தன் தலையையே கொடுத்தார்.

ஆல்ஃபா என்றால் அமைதி, பீட்டா என்றால் சிந்தனை, இது சரியா?

பாதிகூடச் சரியில்லை. வேகத்தை வைத்து அலைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்: நொடிக்கு 4-க்குக் கீழே டெல்டா, 4 முதல் 8 வரை தீட்டா, 8 முதல் 13 வரை ஆல்ஃபா, 13 முதல் 30 வரை பீட்டா, அதற்கு மேல் காமா. இந்தப் பெயர்கள் வேகத்தைச் சொல்கின்றன; மனநிலையைச் சொல்வதில்லை. டெல்டா ஆழ்ந்த தூக்கத்திலும் வரும், மூளைக் காயத்திலும் வரும். பீட்டா, கையை அசைக்காமல் வைத்திருக்கும்போதும் வரும், சில தூக்க மாத்திரைகளாலும் கூடும்.

ஆல்ஃபாவை மட்டும் ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டால் மறக்க முடியாது. பங்கேற்பாளரை உட்காரவைத்துப் பதிவு ஓடிக்கொண்டிருக்கும். திரையில் கோடுகள் ஒழுங்கில்லாமல் நடுங்கிக்கொண்டிருக்கும். "சரி, கண்ணை மூடிக்கொள்ளுங்கள்" என்று சொன்ன ஒரு நொடிக்குள், பிடரிப் பக்கத்து மின்முனைகளில் மட்டும் கோடு நிமிர்ந்து, நொடிக்குப் பத்து முறை ஏறி இறங்க ஆரம்பிக்கும். "திறவுங்கள்" என்றதும் அப்படியே அடங்கிவிடும். வெறும் ஓய்வுதான் இதற்குக் காரணம் என்று நெடுநாள் நினைத்தார்கள். இப்போது பலரும் வேறு மாதிரி பார்க்கிறார்கள்: தேவையில்லாத தகவலை மூளை தள்ளிவைக்கும் வேலையில் ஆல்ஃபாவுக்குப் பங்கு உண்டு. இடது பக்கம் மட்டும் கவனியுங்கள் என்று சொன்னால், கவனிக்கக் கூடாத வலது பக்கக் காட்சியைக் கையாளும் பகுதியில் ஆல்ஃபா கூடுகிறது. வெறும் சும்மா இருத்தல் என்றால் இப்படிப் பக்கம் பார்த்து ஏறி இறங்காது.

எம்.ஆர்.ஐ. இருக்கும்போது இது எதற்கு?

நேரத்துக்காக. செயல்சார் எம்.ஆர்.ஐ. அளப்பது ரத்த ஓட்டத்தின் மாற்றத்தை. அது நரம்பணுக்களின் வேலைக்குப் பின்னால் சில நொடிகள் தாமதமாக வருகிறது. ஒரு சொல்லைக் கேட்டு, இன்ன சொல் என்று அறிந்து, பொருள் பிடித்து, வாக்கியத்தில் பொருத்திப் பார்ப்பதெல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துபோகும் வேலை. அந்த ஒரு நொடிக்குள் எது முன், எது பின் என்று பார்க்க மில்லிவினாடிக் கணக்கில் அளக்கும் கருவி வேண்டும்.

இடம் சொல்வதில் இ.இ.ஜி. பலவீனமானது, அதை மறைத்துப் பயனில்லை. பக்கத்து வீட்டில் நடக்கும் பேச்சைச் சுவர் வழியாகக் கேட்பதைப்போல: எப்போது ஆரம்பித்தது, எப்போது குரல் உயர்ந்தது என்று துல்லியமாகச் சொல்லலாம், எந்த அறையில் யார் பேசினார் என்று சொல்வது கஷ்டம். மண்டையோடு சிக்னலைப் பரப்பிக் கலங்கலாக்கிவிடுகிறது. தலைக்கு வெளியே கிடைத்த ஒரே பரவலை, உள்ளே எத்தனையோ விதமான மூலங்கள் உண்டாக்கியிருக்க முடியும். இந்தச் சிக்கலைக் கணக்கு வழியாக ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853-லேயே காட்டிவிட்டார். கூடுதல் மின்முனைகளும் தலையின் எம்.ஆர்.ஐ. படமும் சேர்ந்தால் மதிப்பீடு மேம்படும். அப்போதும் அது மதிப்பீடுதான்.

வலிப்பு அறுவைக்காக மண்டையோட்டுக்குள் மின்முனை வைத்திருக்கும் நோயாளிகள் சிலர் ஒப்புக்கொண்டு ஆராய்ச்சிக்கு உதவுகிறார்கள். அங்கே நேரம், இடம் இரண்டும் கிடைக்கின்றன. ஆனால் மின்முனை எங்கே வைப்பது என்பதை அவர்களுடைய சிகிச்சைதான் தீர்மானிக்கிறது. ஆராய்ச்சியாளரின் ஆசை அதில் செல்லாது, செல்லவும் கூடாது.

வெறும் கோடுகளைப் பார்த்து எப்படி ஒரு முடிவுக்கு வருகிறீர்கள்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஓடும் கோட்டைப் பார்த்து "இவர் இப்போது இதை நினைக்கிறார்" என்று யாரும் சொல்வதில்லை. இரண்டு நிலைகளை உண்டாக்குகிறோம். அந்த இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு அம்சம்தான் வேறுபட வேண்டும். பிறகு பதிவில் என்ன வித்தியாசம், எந்த நேரத்தில் வருகிறது என்று பார்க்கிறோம். ஆராய்ச்சியின் உயிர் அந்த இரண்டு நிலைகளை அமைப்பதில் இருக்கிறது. எவ்வளவு விலை உயர்ந்த கருவியாலும் மோசமாக அமைத்த சோதனையைக் காப்பாற்ற முடியாது.

ஓர் உதாரணம். "தாகம் எடுத்ததால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தான்" என்று திரையில் ஒவ்வொரு சொல்லாகக் காட்டுகிறோம். இன்னொரு தடவை "தாகம் எடுத்ததால் ஒரு டம்ளர் நாற்காலி குடித்தான்". அந்த 'நாற்காலி' வந்த கணத்திலிருந்து சுமார் 400 மில்லிவினாடி கழித்து, உச்சந்தலையை ஒட்டிய மின்முனைகளில் எதிர்மின் பக்கமாக ஒரு இறக்கம் வருகிறது. இதை 1980-இல் மார்த்தா கூட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் கண்டார்கள், பெயர் என்400. அதே வாக்கியத்தில் சொல்லின் பொருள் சரியாக இருந்து எழுத்தின் அளவு மட்டும் திடீரென்று பெரிதானால் இந்த இறக்கம் வருவதில்லை. வேறு வடிவ அலை வருகிறது. ஆக இது வெறும் அதிர்ச்சியின் அடையாளம் இல்லை, பொருள் சம்பந்தப்பட்டது.

அடுத்த கட்டம் இன்னும் சுவாரசியம். வாக்கியம் தப்பாகவே இருக்க வேண்டியதில்லை. ஒரு சொல் எவ்வளவு எதிர்பாராததோ அவ்வளவுக்கு என்400 பெரிதாகிறது. படம் காட்டினாலும் வருகிறது, சைகை மொழியிலும் வருகிறது. 14 மாதக் குழந்தைக்கு ஒரு பொருளின் படத்தைக் காட்டிவிட்டு வேறு பெயரைச் சொன்னால் அங்கேயும் அதைப்போன்ற அலை தெரிகிறது. இன்னும் சரியாகப் பேச வராத குழந்தை, பெயர் பொருந்தவில்லை என்று தன் மூளை வழியாகச் சொல்கிறது. வேறு எந்தக் கேள்வியைக் கேட்டு இந்தப் பதிலை அந்தக் குழந்தையிடமிருந்து வாங்கியிருக்க முடியும்?

ஒரே சோதனையை ஏன் நூறு தடவை செய்யச் சொல்கிறீர்கள்?

பங்கேற்பாளர்களின் நியாயமான அலுப்பு இது. நாங்கள் தேடும் வித்தியாசம் சில மைக்ரோவோல்ட்தான். அதைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும் மற்ற மூளை வேலைகள் அதைப்போலப் பல மடங்கு. ஒரு தடவையில் ஒன்றும் தெரியாது. அதே நிகழ்வை நூறு தடவை செய்து, ஒவ்வொன்றையும் தொடக்கக் கணத்தில் வரிசைப்படுத்திச் சராசரி எடுத்தால், நிகழ்வோடு சம்பந்தமில்லாதது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கரையும், சம்பந்தப்பட்டது நிற்கும். இரைச்சல் குறைவது தடவைகளின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப. நூறு தடவை செய்தால் இரைச்சல் பத்தில் ஒன்றாகும். இன்னும் பாதியாக்க வேண்டுமா? நானூறு தடவை. அதனால்தான் உங்களை அவ்வளவு நேரம் உட்காரவைக்கிறோம்.

கவனிக்காதவரிடமும் தூங்குகிறவரிடமும்கூட ஏதாவது தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். ஒரே மாதிரி ஒலிகள் வந்துகொண்டிருக்கும்போது இடையில் ஒன்று மட்டும் மாறினால், கேட்பவர் கவனிக்காமல் வேறு வேலை செய்துகொண்டிருந்தாலும், 100 முதல் 250 மில்லிவினாடிக்குள் மூளை அதைக் குறித்துக்கொள்கிறது. பின்லாந்தின் ரிஸ்டோ நாட்டானென் குழு 1978-இல் இதை விவரித்தது.

அதே குழுவினர் 1997-இல் செய்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் ஒன்று. எஸ்தோனிய மொழியில் ஓர் உயிரொலி இருக்கிறது. ஃபின்னிய மொழியில் அது கிடையாது. இரண்டு மொழிக்காரர்களுக்கும் அந்த ஒலியை நடுவில் செருகிக் கேட்கவைத்தார்கள். அது தாய்மொழி ஒலியாக இருந்த எஸ்தோனியர்களிடம் அலை பெரிதாக வந்தது. அடுத்து குழந்தைகளிடம் பார்த்தார்கள். ஆறு மாதத்தில், ஒலி எவ்வளவு மாறியிருக்கிறதோ அந்த அளவுக்கு மூளை பதில் சொல்கிறது. ஒரு வயதுக்குள், ஃபின்னியக் குழந்தையிடம் அந்த அந்நிய ஒலிக்கான பதில் குறைந்துவிடுகிறது. காது ஒரு மொழிக்குப் பழகுவதை ஆறு மாத இடைவெளியில் எண்ணாகப் பார்த்துவிட்டார்கள்.

தூக்கத்தைப் பற்றி இது என்ன சொல்லிக்கொடுத்தது?

தூக்கம் ஒரே நிலை இல்லை என்பதையே இதுதான் சொல்லிக்கொடுத்தது. 1930-களில் லூமிஸ் குழு இரவு முழுக்கப் பதிவு செய்து தூக்கத்தைக் கட்டங்களாகப் பிரித்தது. 1953-இல் சிகாகோவில் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும், தூங்குகிறவரின் கண்கள் மூடிய இமைக்குள் வேகமாக ஓடும் கட்டத்தை அறிவித்தார்கள். அந்தக் கட்டத்தில் இ.இ.ஜி. விழித்திருப்பவருடையதைப்போல இருக்கிறது, அப்போது எழுப்பினால் பலரும் கனவைச் சொல்கிறார்கள். இன்று நினைவாற்றல் ஆராய்ச்சி அதிகம் கவனிப்பது மற்றக் கட்டங்களை: ஆழ்ந்த தூக்கத்தின் மெதுவான அலையும், நொடிக்கு 11 முதல் 16 வரை துடித்து அடங்கும், நூற்கும் கதிரைப்போல நடுவில் தடித்துத் தெரியும் சிறு அலைத்தொடர்களும் எப்படி நேரம் ஒத்துப்போகின்றன, அது பகலில் கற்றது நிலைப்பதோடு எப்படிச் சம்பந்தப்படுகிறது என்பதை.

நோய்களுக்கான ஆராய்ச்சியில் எங்கே உதவியிருக்கிறது?

வலிப்பில் மிக அதிகம். 1935-இல் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் மூவரும் சேர்ந்து, சிறு குழந்தைகள் சில நொடி வெறித்துப் பார்த்து நின்றுவிடும் வகை வலிப்பின்போது நொடிக்கு மூன்று தடவை வரும் முள்ளும் அலையும் கலந்த வடிவத்தைக் காட்டினார்கள். அதுவரை கனவு காண்கிற குழந்தை, கவனம் இல்லாத குழந்தை என்று திட்டு வாங்கியவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்தது.

மனநலத்தில் கதை அவ்வளவு தெளிவில்லை. நெற்றியின் இடது வலது ஆல்ஃபா வித்தியாசத்தை வைத்து மனச்சோர்வைக் கண்டறியலாம், தீட்டாவையும் பீட்டாவையும் வகுத்துக் கவனக்குறைவுக் கோளாறைக் கண்டறியலாம் என்றெல்லாம் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. குழுவாகப் பார்த்தால் சில ஆய்வுகளில் வித்தியாசம் தெரிகிறது. தனி ஒருவருக்கு நோய் இருக்கிறதா என்று சொல்ல அது போதவில்லை. தீட்டா-பீட்டா விகிதத்தை நோய் கண்டறியும் வழக்கமான சோதனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அமெரிக்க நரம்பியல் அகாடமியே 2016-இல் அறிவுறுத்தியது. குழுவில் தெரியும் வித்தியாசத்துக்கும் தனி ஒருவரின் நோயைக் கண்டறிவதற்கும் நடுவே உள்ள தூரத்தை மறைத்து விற்கிறவர்களிடம் எனக்குக் கோபம் உண்டு. பாதிக்கப்படுவது கவலையோடு வரும் பெற்றோர்.

அசைவில்லாமல் கிடக்கும் நோயாளிக்கு உணர்வு இருக்கிறதா என்று கண்டறிய முடியுமா?

சிலரிடம் முடிகிறது. மூளைக் காயத்துக்குப் பிறகு சிலர் கண் திறந்தாலும் சொன்னதைச் செய்வதில்லை. கட்டில் அருகே நின்று பார்த்தால் எந்தப் பதிலும் இல்லை. அவர்களுக்கு "வலது கையைத் திறந்து திறந்து மூடுங்கள்", அப்புறம் "நிறுத்துங்கள்" என்று காதில் மாறி மாறிச் சொல்லி, இ.இ.ஜி.யைப் பதிவு செய்கிறார்கள். கை அசையாது. ஆனால் இரண்டு கட்டளைகளின்போதும் பதிவில் வரும் வித்தியாசத்தைக் கணினி வழியாகப் பிரித்தறிய முடிந்தால், அவர் கேட்கிறார், முயல்கிறார் என்று பொருள்.

2019-இல் நியூயார்க்கிலிருந்து வந்த ஆய்வு ஒன்றில், கட்டளைக்குப் பதில் தராத 104 பேரில் 15 சதவீதம் பேரிடம் இப்படிப்பட்ட செயல்பாடு தெரிந்தது. அவர்களில் ஓராண்டுக்குப் பின் ஓரளவு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்தவர்களின் பங்கும் மற்றவர்களைவிட அதிகம். இ.இ.ஜி.யையும் எம்.ஆர்.ஐ.யையும் பயன்படுத்தி 2024-இல் வெளியான பல நாட்டு ஆய்வில், பதில் தராத 241 பேரில் நால்வரில் ஒருவரிடம் அது தெரிந்தது.

இதில் மிகுந்த நிதானம் வேண்டும். பதிவில் ஒன்றும் தெரியாவிட்டால் உணர்வு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. அவர் அந்த நேரம் தூங்கியிருக்கலாம், மொழியைப் புரிந்துகொள்ளும் பகுதி பழுதாகியிருக்கலாம், பதிவே இரைச்சலாக இருந்திருக்கலாம். நலமாக இருக்கும் தன்னார்வலர்களிடமே சில சமயம் இந்தச் சோதனை தெளிவான விடை தருவதில்லை.

அப்படியானால் மனதில் நினைப்பதைப் படித்துவிடலாம் போலிருக்கிறதே?

தலைக்கு வெளியே எடுக்கும் பதிவை வைத்து, நீங்கள் ஒத்துழைக்காமல், மனதில் ஓடும் எண்ணத்தைப் படிக்க முடியாது. செய்ய முடிகிறது இது: முன்கூட்டியே வரையறுத்த சில தேர்வுகளில் நீங்கள் எதைக் கவனிக்கிறீர்கள் என்று கண்டுபிடிப்பது.

1988-இல் ஃபார்வெல், டோன்சின் இருவரும் செய்தது நல்ல உதாரணம். ஆறுக்கு ஆறு கட்டத்தில் எழுத்துகள். வரிசையும் நிரலும் மாறி மாறி மின்னுகின்றன. உங்களுக்கு வேண்டிய எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், அது இருக்கும் வரிசையோ நிரலோ மின்னும்போது மட்டும் சுமார் 300 மில்லிவினாடியில் பி300 என்ற அலை எழும். அரிதாக வரும், நாம் காத்திருக்கும் ஒன்று வந்தால் எழும் அலை அது. வரிசையும் நிரலும் தெரிந்தால் எழுத்து தெரிந்துவிடும். கை கால்களை அசைக்கவோ பேசவோ முடியாதவர்கள் சிலரால் இந்த வழியில் எழுத முடிகிறது. மெதுவாகத்தான், ஆனாலும் எழுதுகிறார்கள்.

இதே பி300-ஐக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். ஒரு பொருளை அடையாளம் தெரிந்தால் அலை எழும் என்பது உண்மை. செய்தியில் பார்த்தாலும் அடையாளம் தெரியும், குற்றம் நடந்த இடத்தில் வேலை செய்தவருக்கும் தெரியும். மறைக்க நினைப்பவர் மற்றப் படங்களுக்கும் மனதுக்குள் ஒரு வேலையைச் செய்து குழப்பவும் முடியும். ஒருவரின் விடுதலை அதை நம்பி இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நாம் முடிவெடுப்பதற்கு முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறது என்று நிரூபித்துவிட்டார்களாமே?

நிரூபிக்கவில்லை. 1965-இல் கோர்ன்ஹூபரும் டீக்கேவும், தானாக விரலை அசைப்பதற்கு ஒரு நொடிக்கும் முன்பே மெதுவாக எழும் ஓர் அலையைக் கண்டார்கள். 1983-இல் பெஞ்சமின் லிபெட், அசைக்க வேண்டும் என்ற எண்ணம் எப்போது தோன்றியது என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். எண்ணம், அசைவுக்கு ஐந்தில் ஒரு நொடி முன்பு. அலை, அரை நொடி முன்பே. இதிலிருந்துதான் அந்தப் பேச்சு கிளம்பியது.

ஆரன் ஷூர்கரும் உடனுழைத்தவர்களும் 2012-இல் வேறு விளக்கம் தந்தார்கள். மூளையின் செயல்பாடு எப்போதுமே தற்செயலாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. குறிப்பிட்ட காரணம் எதுவும் இல்லாமல் எப்போது வேண்டுமானாலும் அசைக்கலாம் என்று விட்டால், ஓர் ஏற்றம் எல்லையைத் தொடும்போது அசைவு நடக்கும். பிறகு அசைவுக் கணத்தை வைத்துப் பின்னோக்கிச் சராசரி எடுத்தால், எப்போதும் ஏற்றமாகத்தான் தெரியும். அந்த ஏற்றத்தின் தொடக்கம், முடிவு எடுத்த கணமாக இருக்க வேண்டியதில்லை. விவாதம் இன்னும் நடக்கிறது. சராசரி எடுப்பது எவ்வளவு சக்தி வாய்ந்ததோ அவ்வளவு ஏமாற்றவும் கூடியது என்பதற்காக மாணவர்களுக்கு இதைத் தவறாமல் சொல்கிறேன்.

பதிவு நாளில் என்ன நடக்கும்?

முந்தின இரவு தலைக்குக் குளித்துவிட்டு வாருங்கள். எண்ணெய், ஜெல் எதுவும் வேண்டாம். நன்றாகத் தூங்கியிருப்பது முக்கியம்.

மூக்கின் வேரிலிருந்து பிடரியில் தட்டுப்படும் மேட்டுவரை நாடாவால் அளப்போம். அந்தத் தூரத்தில் 10, 20 சதவீதக் கணக்கில் மின்முனைகளை வைக்கும் முறை 1958 முதல் உலகம் முழுக்கப் பொது. ஒற்றைப்படை எண்கள் இடது பக்கம், இரட்டைப்படை வலது பக்கம். பிறகு தொப்பி. 64 மின்முனை என்றால், முனை மழுங்கிய ஊசிக்குழலை ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் விட்டு, முடியை மெல்ல விலக்கி, தோலை லேசாகத் தேய்த்து, உப்புக் கலந்த ஜெல்லை நிரப்புவோம். திரையில் அந்த மின்முனையின் வட்டம் சிவப்பிலிருந்து மஞ்சளாகி, பச்சையாகும்வரை. முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். இந்த வேலையில் அவசரப்பட்டால் பின்னால் வரும் எல்லாமே கெடும்.

அடர்ந்த சுருட்டை முடிக்கு வழக்கமான தொப்பி சரியாக உட்காராது. அதனால் அப்படிப்பட்ட முடியுள்ளவர்கள் பல ஆய்வுகளிலிருந்து சத்தமில்லாமல் விடுபட்டுப்போயிருக்கிறார்கள். "மனித மூளை" என்று எழுதிவிட்டு மனிதரில் ஒரு பகுதியை விட்டுவிடுவது அறிவியல் பிழை. பின்னலுக்கு நடுவே பொருந்தும் மின்முனைகள் இப்போது வந்திருக்கின்றன. ஆய்வுக்கூடங்கள் வாங்க வேண்டும்.

கண் சிமிட்டாதீர்கள் என்று ஏன் சொல்கிறார்கள்?

கண்ணின் முன்பக்கம் பின்பக்கத்தைவிட நேர்மின் தன்மை கொண்டது. இமை அதன்மேல் ஏறி இறங்கினால் நெற்றி மின்முனைகளில் 100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டும் மேடு எழும். தாடையைக் கடித்தால் திரை முழுக்கக் கரகரப்பு. வியர்த்தால் கோடு மெதுவாக மிதக்கும். சுவரிலுள்ள மின்கம்பியே 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் கலந்துவிடும். கணினியில் இவற்றைப் பிரித்தெடுக்கும் கணித முறைகள் இருக்கின்றன, நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனாலும் வராமல் பார்த்துக்கொள்வதற்கு ஈடு எதுவும் இல்லை. சிமிட்டவே கூடாது என்று சொல்வதும் தப்பு. சிமிட்டாமல் இருப்பதே ஒரு வேலையாகிவிடும். நல்ல சோதனையில் சிமிட்ட இடைவெளி இருக்கும்.

இந்த முடிவுகளை எவ்வளவு நம்பலாம்?

ஒரு பதிவில் 64 மின்முனை, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான நேரப்புள்ளி. எங்கே வேண்டுமானாலும் தேடலாம் என்றால், ஏதாவது ஓர் இடத்தில் தற்செயலாக ஒரு வித்தியாசம் கட்டாயம் கிடைக்கும். அதனால் எந்த மின்முனை, எந்த நேர இடைவெளி என்பதைப் பதிவுக்கு முன்பே எழுதிப் பொதுவில் வைத்துவிடும் வழக்கம் பரவிவருகிறது. இல்லாவிட்டால் எல்லாப் புள்ளிகளுக்கும் சேர்த்துக் கணக்குப் போடும் புள்ளியியல் வேண்டும். பெயர்பெற்ற பழைய சோதனைகளைப் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து மறுபடி செய்து பார்க்கும் 'ஈஈஜி மெனிலேப்ஸ்' என்ற கூட்டு முயற்சியும் நடக்கிறது. என்400 போன்றவை எத்தனையோ கைகளில் மறுபடி மறுபடி வந்தவை, நம்பலாம். இருபது பேரிடம் ஒரே தடவை செய்த ஆய்வைத் தலைப்புச் செய்தியில் பார்த்தால், கொஞ்சம் பொறுங்கள்.

கடையில் விற்கும் தலைப்பட்டைகளும் இதே வேலையைச் செய்யுமா?

நெற்றியிலும் காதருகிலும் நாலைந்து மின்முனை உள்ள பட்டைகள் உண்மையிலேயே இ.இ.ஜி. எடுக்கக்கூடியவைதான். தூக்கத்தை நாள்கணக்கில் வீட்டிலேயே பின்தொடர்வது போன்றவற்றுக்கு ஆராய்ச்சியாளர்களும் சிலவற்றைப் பயன்படுத்துகிறார்கள். "உங்கள் கவனம் 72" என்று செயலி காட்டும் எண் வேறு விஷயம். நெற்றியில் எடுக்கும்போது கண்ணும் தசையும் தாராளமாகக் கலக்கும். அந்த எண் எப்படி வந்தது என்று நிறுவனம் வெளிப்படையாகச் சொல்லாதவரை அதை வைத்து உங்களையோ உங்கள் குழந்தையையோ மதிப்பிடாதீர்கள்.

என் பதிவில் ஏதாவது நோய் தெரிந்தால் சொல்வீர்களா? என் தரவு யார் கைக்குப் போகும்?

ஆராய்ச்சிப் பதிவு மருத்துவப் பரிசோதனை இல்லை. அதைப் பார்ப்பவர் பெரும்பாலும் மருத்துவரும் இல்லை. அசாதாரணமாக ஏதாவது கண்ணில் பட்டால் என்ன செய்வார்கள் என்பது ஒப்புதல் படிவத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கையெழுத்துக்கு முன் கேளுங்கள். பெயரை எடுத்துவிட்டுத் தரவைப் பொதுவில் பகிர்வார்களா என்பதையும் கேளுங்கள். எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல், பாதியில் எழுந்து போகலாம்.

மாணவர் நான். எங்கிருந்து ஆரம்பிப்பது?

கருவி கையில் இல்லாமலே ஆரம்பிக்கலாம். 'ஓப்பன்நியூரோ' போன்ற தளங்களில் முழு இ.இ.ஜி. தரவுத் தொகுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை ஆராய, பைத்தான் நிரல்மொழி தெரிந்தால் 'எம்.என்.ஈ.' மென்பொருள், மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருள் இருந்தால் 'ஈஈஜிலேப்', இந்த இரண்டுக்கும் காசு இல்லை. என்400 அல்லது பி300 தரவு ஒன்றை எடுங்கள். வடிகட்டி, சராசரி எல்லாம் அப்புறம். முதல் நாள் முழுக்க, எதுவும் செய்யாத மூலப்பதிவை மட்டும் உருட்டிப் பாருங்கள். எங்கே சிமிட்டினார், எங்கே தாடையை இறுக்கினார், எந்த மின்முனை தளர்ந்தது, எங்கே தூக்கம் வந்தது என்று குறித்து வையுங்கள். பிறகு சராசரி எடுத்து, ஒப்பீட்டு மின்முனையை, அதாவது மற்றவற்றை எதோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ அதை, காதுக்குப் பின்னாலிருந்து எல்லா மின்முனைகளின் சராசரிக்கு மாற்றி, அதே படத்தை மறுபடி வரையுங்கள். அலையின் அளவும் தலையில் அது பரவும் விதமும் மாறியிருக்கும். ஏன் மாறியது என்று விளக்க முடிகிறவரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.